வைத்தியசாலை நூலகத்தில் நமக்கும் ஓர் அலுமாரி வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசித்துக் கருத்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்குப் பாடசாலைக்கு வெளியே சம்பளமில்லாத இன்னொரு வேலை இருக்கிறது. கொழும்புக்குக் கிளினிக் போய் வந்தவர்களின் காகிதங்களை வாசித்துச் சொல்வதுதான் அது. "சேர், இதுல என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்" என்று கிளினிக் கொப்பியை நீட்டுவார்கள். ஸ்கேன் ரிப்போட், பயோப்ஸி ரிப்போட், மருந்துத் துண்டு எல்லாம் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கிழக்கிலோ வடமேற்கிலோ மலையகத்திலோ நமது ஊர்களில் படிப்பிக்கும் எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள், இதே கதையைத்தான் சொல்வார்.

ஆங்கிலம் வாசிக்கத் தெரிவது வேறு, மருத்துவம் வாசிக்கத் தெரிவது வேறு. கணிதம் படிப்பிக்கும் ஒருவரால் 'மெட்டாஸ்டேஸிஸ்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். நோய் வேறு உறுப்புக்கும் பரவிவிட்டது என்பதே அதன் பொருள் என்று, எதிரே நிற்கும் மகனிடம் சொல்ல அவருக்கு என்ன தகுதி இருக்கிறது? அந்த மகன் அடுத்ததாகக் கேட்கப்போகும் எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை. அவற்றையெல்லாம் விளக்கவேண்டிய இடம் வைத்தியசாலை. விளக்குவதற்கான புத்தகங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அவை இருக்கும் அறைக்குள் நோயாளிக்கு இடமில்லை. அந்த அறையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வைத்தியசாலைக்குள் நூலகம் இருக்கும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. மஹரகமயில் புற்றுநோய்க்கு, கொழும்பில் கண்ணுக்கு, லேடி ரிஜ்வேயில் பிள்ளைகளுக்கு, 1879இல் தொடங்கிய டி சொய்சாவில் பிரசவத்துக்கு, வெலிசறையில் நெஞ்சு நோய்க்கு என்று நமது நாட்டில் சிறப்பு வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒரே வகை நோயை மட்டும் பார்க்கும் இப்படியான இடத்தில் நூலகம் என்ன செய்யும் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

நமது பாடசாலை நூலகங்களில் டூயி முறைப்படி மருத்துவத்துக்கு 610 என்ற எண். முதலுதவி, சுகாதாரம், போசாக்கு எல்லாம் சேர்த்து நாலைந்து புத்தகம் இருந்தால் அதுவே பெரிய விஷயம். மருத்துவ நூலகங்கள் பலவற்றில் வேறு முறை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வகுத்த வகைப்பாட்டில் கண்ணுக்கு டபிள்யூ டபிள்யூ, குழந்தை மருத்துவத்துக்கு டபிள்யூ எஸ், மகப்பேற்றுக்கு டபிள்யூ கியூ, புற்றுநோய்க்கு கியூ இஸட் 200இலிருந்து தொடங்கும் எண்கள். நமது 610இல் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும் விஷயம் சிறப்பு வைத்தியசாலை நூலகத்தில் ஒரு முழு அறையாக விரியும். மார்புப் புற்றுநோய்க்கு ஒரு வரிசை, இரத்தப் புற்றுநோய்க்கு ஒரு வரிசை, கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஒரு வரிசை, வலி தணிக்கும் பராமரிப்புக்கு ஒரு வரிசை என்று. அதோடு சஞ்சிகைகள், மருந்துக் கையேடுகள், பட்டப்பின்படிப்பு வைத்தியர்கள் எழுதிய ஆய்வேடுகள்.

புத்தகம் இருப்பது பாதிதான். மீதிப் பாதி நூலகர். வாட்டில் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்யவில்லை, அவருக்குச் சிறுநீரகமும் பலவீனம், வயதும் எழுபது என்று வைத்துக்கொள்வோம். இப்படியான ஒருவருக்கு உலகில் வேறு எங்கே என்ன கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் கிளினிக்கில் இருக்கும் வைத்தியருக்கு அதற்கு நேரமில்லை. பயிற்சி பெற்ற நூலகர் சரியான சொற்களைப் போட்டுத் தேடி, தேவையில்லாததைக் கழித்து, நாலு கட்டுரையை மேசையில் வைப்பார். தன்னிடம் இல்லாத கட்டுரையை இன்னொரு நூலகத்திடம் கேட்டு எடுத்துத் தருவார். புதிதாக வந்த வழிகாட்டல்களை உரிய பிரிவுக்கு அனுப்புவார். நோயாளியின் கண்ணில் படாமலே அவருடைய சிகிச்சையில் பங்கெடுக்கும் ஆள் அவர்.

இதற்குக் கணக்கு இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பகுதி வைத்தியசாலைகளில் செய்த ஓர் ஆய்வு 1992இல் வெளியானது. தம்மிடம் இருந்த ஒரு நோயாளி தொடர்பாக நூலகத்திடம் தகவல் கேட்டுப் பெறும்படி வைத்தியர்களிடம் சொன்னார்கள். பிறகு, அந்தத் தகவலால் எதுவும் மாறியதா என்று கேட்டார்கள். பதில் சொன்ன 208 வைத்தியர்களில் 80 சதவீதமானோர், சிகிச்சையில் ஏதோ ஒன்றை வேறு விதமாகச் செய்ததாகச் சொன்னார்கள். மருந்துத் தெரிவு மாறியது என்றவர்கள் 45 சதவீதம். நோய் நிர்ணயமே மாறியது என்றவர்கள் 29 சதவீதம். நோயாளிக்குச் சொன்ன ஆலோசனை மாறியது என்றவர்கள் 72 சதவீதம். இது வைத்தியர்கள் தாமே சொன்ன கணக்கு என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டாலும் சின்ன விஷயம் இல்லை.

"இப்பதான் எல்லாம் போனிலயே இருக்கே, நூலகம் எதுக்கு?" என்று கேட்கும் தம்பிமாருக்கு ஒரு சம்பவம். 2001ஆம் ஆண்டு. உலகின் மிகப் பெயர்பெற்ற மருத்துவ நிறுவனங்களில் ஒன்றான ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஆஸ்துமா பற்றி ஓர் ஆய்வு. எலன் ரோச் என்ற 24 வயதுப் பெண், நல்ல ஆரோக்கியமானவர், அந்த ஆய்வுக்குத் தானாக முன்வந்தார். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பொருளை மூச்சோடு உள்ளிழுக்கக் கொடுத்தார்கள். நுரையீரல் பாதிக்கப்பட்டு ஒரு மாதத்துக்குள் அவர் இறந்துபோனார். பிறகுதான் பெரிய விவாதம் எழுந்தது. அந்தப் பொருளால் நுரையீரல் பாதிக்கப்படுவது பற்றி 1950களிலேயே சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறார்கள். கணினியில் தேடியபோது அது அகப்படவில்லை. அன்றைக்குப் பப்மெட் என்ற அந்தத் தேடுதளத்தில் 1966க்குப் பிந்திய கட்டுரைகள்தான் இருந்தன. அதற்கு முந்தியவை நூலகத்து அலுமாரிகளில், தடித்த அச்சுச் சுட்டி நூல்களுக்குள் இருந்தன. தேர்ந்த நூலகர் ஒருவரைக் கலந்திருந்தால் அவை கண்ணில் பட்டிருக்கும் என்று மருத்துவ நூலகர்கள் அப்போது எழுதினார்கள்.

கணினி குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. கணினி தன்னிடம் இருப்பதை மட்டும்தான் காட்டும். தன்னிடம் இல்லாதது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.

நமது நாட்டு நிலைமைக்கு வருவோம். வெளிநாட்டு மருத்துவச் சஞ்சிகைகளின் சந்தா டொலரில்தான். 2022இல் மருந்துக்கே டொலர் இல்லாமல் நின்ற நாடு நாம். அதற்குள்ளும் சில வழிகள் திறந்திருக்கின்றன. பப்மெட் 1997இலிருந்து யாரும் இலவசமாகத் தேடக்கூடியதாக இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2002இல் பதிப்பகங்களோடு பேசி 'ஹினாரி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வசதி குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாக அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் சஞ்சிகைகளைத் திறந்துவிடும் திட்டம் அது. 1993இல் உருவான கொக்ரேன் என்ற அமைப்பு, ஒரு சிகிச்சை பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக்கி, எது பயன் தரும் எது தராது என்று தொகுத்துச் சொல்கிறது. அதன் எளிய சுருக்கங்களில் ஒரு பகுதி தமிழிலும் இருக்கிறது. இந்த வாசல்கள் திறந்திருப்பதை எத்தனை வாட்டுகளில் அறிவார்கள்? அதை எடுத்துச் சொல்லும் வேலையும் வைத்தியசாலை நூலகருடையதுதான். நூலகர் பதவி வெற்றிடமாகக் கிடந்தால் அந்த வாசல்கள் இருந்தும் இல்லாதது போலத்தான்.

இதுவரை சொன்னது வைத்தியர்களுக்கான கதவு. நமது கோரிக்கை இரண்டாவது கதவு பற்றியது.

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த மருந்து நோயோடு சேர்த்து இரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், இரவானாலும் போக வேண்டும். பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருந்தால் உயிருக்கே ஆபத்து.

நமது ஊரவர் ஒருவர் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கீமோ ஏற்றிக்கொண்டு, மறுபடி இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்து படுத்திருக்கிறார். ஐந்தாறு நாளில் காய்ச்சல். வீட்டில் இருக்கும் மனைவிக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தாதி சொல்லித்தான் இருப்பார். சிங்களத்தில் சொல்லியிருப்பார், அல்லது அரைகுறைத் தமிழில் மனமிரங்கிச் சொல்லியிருப்பார். ஐம்பது பேருக்கு நடுவில், மருந்து வாங்கும் அவசரத்தில் சொல்லியிருப்பார். பத்து வரியில் நல்ல தமிழில் எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால், அது வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தாளுக்கு ஆகும் செலவு எவ்வளவு? அந்தத் தாள் இல்லாததால் போகக்கூடியது எது? இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

தாளை யார் தயாரிப்பது, சரி பார்ப்பது, வருடா வருடம் புதுப்பிப்பது, கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுப்பது? பல நாடுகளில் இதை வைத்தியசாலைக்குள் இருக்கும் நூலகமோ தகவல் நிலையமோ செய்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிளேன்ட்ரீ என்ற அமைப்பு 1981இல் பொதுமக்களுக்காகவே ஒரு சுகாதார நூலகத்தைத் திறந்தது. வைத்தியர்கள் படிக்கும் நூல்கள் இருந்த இடத்தில் சாதாரண மக்களும் வந்து உட்கார்ந்து வாசித்தார்கள். பிரித்தானியாவில் மக்மிலன் என்ற புற்றுநோய் உதவி அமைப்பு வைத்தியசாலைகளுக்குள்ளேயே தகவல் மேசைகளை வைத்திருக்கிறது. கிளினிக் முடிந்து வெளியே வருபவர் அங்கே நின்று தன் நோய்க்குரிய கையேட்டை எடுத்துக்கொண்டு போகலாம், காசு இல்லை.

நோயாளிகளுக்கான இந்த வேலையிலும் ஒரு வரையறை உண்டு. நூலகர் மருந்து சொல்லமாட்டார், ரிப்போட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார். நம்பத் தகுந்த தகவல் எது என்று காட்டுவார். வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ள உதவுவார். யார் எந்த நோயைப் பற்றிக் கேட்டார் என்பதை வெளியே விடமாட்டார். இந்தக் கடைசி விஷயம் நமது சமூகத்தில் ரொம்ப முக்கியம். நோயின் பெயரைச் சொல்லக்கூடப் பயந்து "அந்த வருத்தம்" என்றுதான் சொல்கிறோம். மகளுக்குச் சம்பந்தம் பேசும் வீட்டில் உம்மாவின் மார்புக் கட்டியை மறைத்துவைக்கும் நிலை இன்னும் இருக்கிறது. ஊரில் யாரிடமும் கேட்க முடியாத கேள்வியை, தெரியாத ஊரின் நூலக மேசையில் கேட்க முடியும்.

"நோயாளிக்கு எல்லாம் சொன்னால் பயந்துவிடுவார், அரைகுறையாக விளங்கிக்கொண்டு தானே வைத்தியம் பார்ப்பார்" என்று சில வைத்தியர்கள் சொல்வது நமக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நாம் சொல்லாமல் விட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறதா? வட்ஸ்அப் அதை நிரப்பிவிடுகிறது. முள்ளு சீத்தா இலையை அவித்துக் குடித்தால் கீமோ தேவையில்லை என்று ஒரு செய்தி. கத்தி பட்டால் பரவிவிடும், பயோப்ஸி செய்யவிடாதீர்கள் என்று இன்னொன்று. சீனியை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடும் என்று மற்றொன்று. பிழையான தகவல் நல்ல தமிழில் வருகிறது, சரியான தகவல் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. கட்டியைக் காட்டாமல் ஆறு மாதம் இழுத்தடித்துவிட்டு வரும் பெண்ணைக் குறை சொல்வதற்கு முன்னால், அவருக்கு விளங்கும் மொழியில் யார் என்ன சொன்னோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் மருத்துவம் சொல்ல முடியாது, சொற்கள் இல்லை என்பதும் ஒரு வாதம். அது இந்த மண்ணில் 150 வருடங்களுக்கு முன்னரே உடைந்த வாதம். சாமுவேல் பிஷ் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றினார். ஆங்கிலத்தில் தொடங்கி, 1864இலிருந்து தமிழிலேயே படிப்பித்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே என்று மாணவர்களோடு உட்கார்ந்து மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் வந்தன. ஒரு வெளிநாட்டவர், மின்சாரம் இல்லாத காலத்தில், சத்திரசிகிச்சையைத் தமிழில் படிப்பித்தார். நாம் இன்று கீமோவுக்குப் பின் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுதத் தயங்குகிறோம்.

வைத்தியசாலைக்குள் நூலகம் வைப்பதும் நமக்குப் புதிதில்லை. சுல்தான் நூருத்தீன் ஸங்கி 1154இல் டமஸ்கஸில் கட்டிய பீமாரிஸ்தானை வரலாற்று ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அபீ உஸைபிஆ அதே வைத்தியசாலையில் பணியாற்றியவர். அவர் சொல்லும் செய்தி இது: அங்கே தலைமை வைத்தியராக இருந்த அபுல் மஜ்து நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு பெரிய மண்டபத்தில் வந்து அமர்வார். சுல்தான் வக்பு செய்த மருத்துவ நூல்கள் அந்த மண்டபத்தின் அலுமாரிகளில் இருந்தன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு வைத்தியர்களும் மாணவர்களும் அவரோடு ஆராய்வார்கள். நோயாளியின் கட்டிலுக்கும் புத்தக அலுமாரிக்கும் இடையே சில அடி தூரம்தான். கட்டடம் மட்டும் போதாது, புத்தகமும் சேர்த்து வக்பு செய்ய வேண்டும் என்று அந்த சுல்தானுக்கு விளங்கியிருந்தது.

நமது சமூகம் கொடுக்காத சமூகமா? வாட்டுக்குத் தண்ணீர்க் குழாய், சக்கர நாற்காலி, கட்டில், மின்விசிறி, நோயாளிகளோடு வருபவர்கள் தங்க இடம் என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். 2016இல் மஹரகமவுக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபா இலக்கு வைத்துக் காசு சேர்த்தபோது, இன மத பேதம் பார்க்காமல் நாடே கொடுத்தது. அதற்கு முன்னர் 2011இல் தெவிநுவரையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் இயந்திரம் தரும் ரிப்போட்டை நோயாளிக்கு விளக்கும் ஒரு கையேட்டுக்கோ, ஒரு புத்தக அலுமாரிக்கோ, ஒரு நூலகரின் பயிற்சிக்கோ நாம் காசு சேர்த்ததை நாம் கண்டதில்லை. மனிதன் இறந்த பின்னும் தொடரும் நன்மைகளில் பயன் தரும் கல்வியும் ஒன்று என்று ஜும்ஆவில் அடிக்கடி கேட்கிறோம். அதை மத்ரஸாவோடு மட்டும் நிறுத்திக்கொள்வது ஏன்?

ஒரு சிறப்பு வைத்தியசாலையின் நூலகத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு ஒருமுறை கிடைத்தது. பெயர் வேண்டாம். சுத்தமான, அமைதியான அறை. நல்ல நூல்கள். நோயாளிகளுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். சில துண்டுப் பிரசுரங்களை எடுத்துத் தந்தார்கள். சிங்களத்தில் இருந்தன, ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் இருந்தது முடிந்துவிட்டதாம். எப்போது முடிந்தது என்று அங்கிருந்தவருக்கே ஞாபகம் இல்லை. அவர் மேல் நமக்குக் கோபம் இல்லை, இருந்ததைச் சிரித்த முகத்தோடு தந்தவர் அவர். கேட்டு வர ஆளில்லை என்றால் மறுபடி அச்சடிக்க யாருக்கு நினைவு வரும்?

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. பெயர்ப்பலகையில் மூன்று மொழி வந்துவிட்டது. பலகையைத் தாண்டி உள்ளே மருந்து விளக்கம் வரை அது போக வேண்டும். இது தமிழ் பேசுபவர்களுக்கு மட்டுமான கோரிக்கையும் இல்லை. மொனராகலையிலிருந்தோ அனுராதபுரத்திலிருந்தோ வரும் ஏழைச் சிங்களத் தாய்க்கும் அந்த ஆங்கில ரிப்போட் ஒரு எழுத்தும் விளங்காது. இரண்டு மொழியிலும் கேட்போம், ஒன்றாகக் கேட்போம்.

நூலகத்தின் சேகரிப்பு, வரும் நோயாளியை அறிந்ததாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு உதாரணம். ரமழானில் நீரிழிவு நோயாளிகள் நோன்பு பிடிப்பது. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்டோரிடம் செய்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள முஸ்லிம்களில் சுமார் 79 சதவீதமானோர் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்ததாகத் தெரிந்தது. வைத்தியர் பிடிக்காதீர்கள் என்றாலும் பலர் பிடிக்கத்தான் செய்கிறார்கள். யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது, பிடிப்பவர் மருந்தை எப்படி மாற்ற வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் சேர்ந்து 2016இல் வழிகாட்டல் வெளியிட்டு, 2021இல் புதுப்பித்தது. நமது கிளினிக்கில் இருக்கும் சிங்கள வைத்தியர் அதை வாசித்திருந்தால் நமது மாமிக்குச் சொல்லும் புத்தி வேறாக இருக்கும். வருடந்தோறும் ரஜப், ஷஃபானில் அந்த வழிகாட்டலை எடுத்து உரிய மேசையில் வைப்பது ஒரு நல்ல நூலகர் செய்யும் வேலை.

சரி, என்ன செய்யலாம்? நமக்குத் தோன்றியவை:

1. சிறப்பு வைத்தியசாலைகளின் நூலகங்களில் பயிற்சி பெற்ற நூலகர் பதவி வெற்றிடமாக இருக்கக் கூடாது. சுகாதார அமைச்சிடம் நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று. கட்டில் எத்தனை என்று கேட்பவர்கள் நூலகர் இருக்கிறாரா என்றும் கேட்கட்டும்.

2. கிளினிக் காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நூலகத்தின் பொறுப்பில், நோயாளிகளுக்கு ஓர் அலுமாரியும் ஒரு மேசையும். தமிழிலும் சிங்களத்திலும். பெரிய எழுத்தில். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவாகவும் வேண்டும். வட்ஸ்அப்பில் பொய் போகும் அதே வழியில் உண்மையும் போகட்டும்.

3. முதலில் நூறு கையேடு வேண்டாம். பத்துப் போதும். கீமோவுக்குப் பின் காய்ச்சல், பயோப்ஸி என்றால் என்ன, கதிர்வீச்சு ஏற்றும் நாட்களில் தோலைப் பராமரிப்பது, வலி மாத்திரையை எப்படி எடுப்பது, வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகள். ஒவ்வொன்றையும் உரிய வைத்திய நிபுணர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். திகதி போட வேண்டும். பழையதை எடுத்துவிட வேண்டும்.

4. மொழிபெயர்ப்பை ஆசிரியர்களாகிய நாம் ஏற்றுக்கொள்வோம். விஞ்ஞானப் பாட ஆசிரியர், தமிழ்ப் பாட ஆசிரியர், ஊரில் இருந்து மருத்துவ பீடத்துக்குப் போன பிள்ளை ஒருவர். மூவர் உட்கார்ந்தால் ஒரு கிழமையில் ஒரு கையேட்டின் முதல் வரைவு வரும். எழுதியதை எட்டாம் வகுப்போடு நிறுத்திய ஒரு தாயிடம் வாசிக்கக் கொடுப்போம். அவருக்கு விளங்காத சொல்லை மாற்றுவோம்.

5. பள்ளிவாசல் நிர்வாகங்களும் வெளிநாட்டில் இருக்கும் நமது சகோதரர்களும் அச்சுச் செலவைப் பொறுப்பெடுக்கலாம். உம்மா வாப்பாவின் பெயரால் கிணறு வெட்டுகிறோம், நல்லது. உம்மா வாப்பாவின் பெயரால் ஓர் அலுமாரி நிரம்பவும் கையேடு வைக்கலாம். தீர்ந்தால் மறுபடி அச்சடிக்கும் ஏற்பாட்டோடு வையுங்கள். ஒருமுறை அச்சடித்துப் படமெடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவதில் பயன் இல்லை.

6. ஊர்ப் பொது நூலகங்களும் பாடசாலை நூலகங்களும் அந்தக் கையேடுகளின் பிரதிகளை வைத்திருக்க வேண்டும். கொழும்பில் வாங்கத் தவறியவருக்கு ஊரிலேயே கிடைக்கட்டும்.

இவற்றில் எதுவும் வைத்தியரின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. கிளினிக்கில் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடத்தை நோயாளி நன்றாகப் பயன்படுத்த உதவும். விளங்கிய நோயாளி மருந்தை நடுவில் விடமாட்டார். முடி கொட்டுவதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயந்து சிகிச்சையை நிறுத்தமாட்டார். ஆபத்தான அறிகுறி எது, சாதாரணமானது எது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். வைத்தியருக்கும் சுமை குறையும்.

மருத்துவ பீடங்களிலும் வைத்தியசாலைகளிலும் இருக்கும் நமது மாணவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்கள் வைத்தியசாலையில் நூலகம் இருக்கிறதா, நூலகர் இருக்கிறாரா, நோயாளிக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எங்கிருந்து தொடங்கலாம் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறோம். மொழிபெயர்ப்பில் சேர விரும்பும் ஆசிரியர்கள் கீழே பாடத்தையும் ஊரையும் குறிப்பிடுங்கள். வரும் விடுமுறையில் முதல் கையேட்டைத் தொடங்குவோம். காய்ச்சல் பற்றியதுதான் முதலாவது.

நோயுற்றிருக்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நமக்குத் தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.